சீட்டு போடாத நோயாளி

அந்த ஆஸ்பத்திரியின் ரத்தம் எடுக்கும் அறையில் இரண்டு நாற்காலிகள் உண்டு. ஜன்னல் ஓரத்து நாற்காலிக்கு முன்னால் எப்போதும் கூட்டம் நிற்கும். கதவுப் பக்கத்து நாற்காலி பாதி நேரம் காலியாகக் கிடக்கும். ஜன்னல் ஓரத்தில் ஊசி பிடிப்பவளுக்கு ‘ஒரே குத்து’ என்று பெயர். யார் வைத்தது என்று யாருக்கும் தெரியாது. வாசல் காவலாளிகூட வருகிறவர்களிடம், கொஞ்சம் நேரம் ஆனாலும் நின்று ஒரே குத்திடமே கையைக் கொடுங்கள் என்று குரலைத் தாழ்த்திச் சொல்லி அனுப்புவார். கதவுப் பக்கத்துக்காரனும் நல்ல தொழில்காரன்தான், பாவம். இவளுக்குப் பக்கத்தில் உட்கார நேர்ந்தது அவன் தலையெழுத்து.

அவளுடைய வித்தை முழுக்க இடது கை ஆள்காட்டி விரலில் இருந்தது. கையுறை போட்டதும் அந்த ஒரு விரலின் நுனியை மட்டும் கத்தரிக்கோலால் நறுக்கிவிடுவாள். இது விதிமுறைக்கு விரோதம். லேப் மேலாளர் இதைக் கண்டித்து அவ்வப்போது சுற்றறிக்கை அனுப்புவார். தன் கையை நீட்ட வேண்டிய நாளில் மட்டும் சுற்றறிக்கையை மறந்துவிடுவார். வந்தவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு அவள் கண்ணை மூடிக்கொள்வாள். விரல் முழங்கை மடிப்பில் மெல்ல நகரும். அமுக்கினால் மெத்தென்று எழும்பி வருவது ரத்தக்குழாய். எழும்பாமல் விறைத்து நிற்பது தசைநார். துடிப்பது தமனி, அதைத் தொடவே கூடாது. இதெல்லாம் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் எண்பது வயதுக் கையிலும் பத்து மாதக் கையிலும் அதைக் கண்டுபிடிக்கிற விரல் புத்தகத்தில் இல்லை, இவளிடம் இருந்தது.

இருபத்திரண்டு வருடங்களாக இந்த வேலை. நர்ஸ் படிப்பு படிக்காவிட்டாலும் எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். திருத்தித் திருத்திச் சலித்து விட்டுவிட்டாள். தற்பெருமை பேச மாட்டாள், ஆனால் மற்ற வார்டில் நாலு பேர் குத்தித் தோற்ற பிறகு தன்னைத் தேடி ஆள் வரும்போது, வேண்டுமென்றே ஒரு நிமிடம் தாமதித்துத்தான் எழுந்திருப்பாள். அந்த ஒரு நிமிடம் அவளுக்குப் பாயசம் மாதிரி. வீட்டில் லிஃப்ட் மெக்கானிக் கணவர் இதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்வார். அவளும் சிரித்துக்கொள்வாள்.

நோய் வந்தது போன வருடம். வலது விலாவுக்குக் கீழே வலி, குளிர் காய்ச்சல். ஸ்கேன் அறையில் வேலை செய்கிற தோழி இரண்டு நோயாளிகளுக்கு நடுவே இவளைப் படுக்கவைத்துப் பார்த்தாள். கல்லீரலில் சீழ்க்கட்டி. ஒரு எலுமிச்சம்பழ அளவு.

ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தங்களுக்கு நோய் வந்தால் சீட்டு போட மாட்டார்கள். ஊரெல்லாம் வரிசையில் நின்று சீட்டு வாங்கி, டாக்டர் அறை வாசலில் காத்திருந்து, போன தடவை எழுதியதைக் காட்டி வைத்தியம் பார்த்துக்கொள்ளும். இவர்கள் மட்டும் டாக்டரை லிஃப்ட் வாசலில் மடக்குவார்கள், இல்லையென்றால் கேன்டீனில். அவர் டீயை ஊதிக்கொண்டே ஏதாவது சொல்வார். அது எந்தத் தாளிலும் ஏறாது. இதில் ஒரு பெருமையும் இருக்கிறது: நாங்கள் இந்த வீட்டு ஆட்கள், எங்களுக்கு எதற்குச் சீட்டு என்று.

அவளும் அப்படித்தான் ஸ்கேன் படத்தோடு பொது மருத்துவரை லிஃப்ட் வாசலில் பிடித்தாள். அவர் படத்தை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, மெட்ரோனிடசோல் மாத்திரை மூன்று வேளை, பத்து நாள் கழித்துக் காட்டுங்கள் என்றார். பத்து நாளில் காய்ச்சலும் வலியும் போய்விட்டன. தோழி மறுபடி ஸ்கேன் எடுத்தாள். கட்டியின் நிழல் அப்படியே இருந்தது. இந்த முறை டாக்டர் மாடிப்படியில் ஓடிக்கொண்டிருந்தார். "இன்னும் இருக்குபோல. மாத்திரையை நிறுத்திடாதீங்க, அப்புறம் பாக்கலாம்" என்று நாலு படி மேலே போய்ச் சொன்னார். அடுத்த வாரம் அவர் வேலையை விட்டு வேறு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அந்த ‘அப்புறம்’ வரவே இல்லை.

வெளி ஆளாக இருந்திருந்தால் மாத்திரை தீர்ந்ததும் வேறு டாக்டரிடம் சீட்டு போட்டிருப்பாள். இவளுக்கு மருந்துக் கடைக்காரர் சொந்தத் தம்பி மாதிரி, கேட்டால் எடுத்துக் கொடுப்பார். ஸ்கேனும் கூப்பிடு தூரத்தில். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தோழி பார்ப்பாள், நிழல் கொஞ்சம் சுருங்கியிருக்கும், ஆனால் இருக்கும். நிழல் இருக்கும்வரை மாத்திரை என்று இரண்டு பேருமாகச் சேர்ந்து முடிவு செய்துகொண்டார்கள். வாயில் எந்நேரமும் இரும்புச் சாவியைச் சப்புகிற ருசி. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவது மாதத்தில் கால் எரிய ஆரம்பித்தது. உள்ளங்கால் முழுக்க மிளகாய் அரைத்துப் பூசினாற்போல் ஒரு காந்தல். உட்கார்ந்தால் எரியும், நின்றாலும் எரியும், நடந்தால் மட்டும் கொஞ்சம் தேவலை. அதனால் நடந்துகொண்டே இருந்தாள். சாப்பாட்டுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்கும் நடப்பாள். ஒருமுறை பஸ் நிறுத்தம்வரை போன பிறகுதான் ஒரு காலில் செருப்பே இல்லை என்று தெரிந்தது. எங்கே கழன்றது என்று காலுக்குத் தெரியவில்லை. திரும்பி வந்து தேடினாள், வீட்டு வாசலிலேயே கிடந்தது. வயதாகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாற்பத்தாறு ஒரு வயதா என்றும் தானே கேட்டுக்கொண்டாள்.

சர்க்கரையாக இருக்குமோ என்று ஒரு நாள் காலை, மற்றவர்கள் வருவதற்கு முன், தன் இடது கையில் தானே ஊசி குத்தினாள். கிடைக்கவில்லை. இன்னொரு முறை குத்தினாள். மூன்றாவதில்தான் ரத்தம் வந்தது. தன் கையில் தானே எடுப்பது கோணல் வேலை, அதனால்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். சர்க்கரை சரியாக இருந்தது. தைராய்டு, வைட்டமின், சிறுநீரகம் என்று பதினொரு சோதனை ஓட்டினாள், அத்தனையும் சரி. எல்லாம் சரி என்று சொல்கிற தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்ற நிலை இருக்கிறதே, அதைவிட ஏதாவது ஒன்று கெட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பாள்.

பிறகு விரல். முதலில் பஞ்சைத் தொட்டால் பஞ்சாகத் தெரியவில்லை. ஜாக்கெட் கொக்கியைக் கண்ணாடியில் பார்த்துப் போட வேண்டியிருந்தது. கண்ணாடிக் குழாய் ஒன்று பிடியிலிருந்து நழுவி உடைந்தது. ஒரு வாரத்தில் இரண்டாவது. விரல் நுனியில் ஏதோ ஒரு மெல்லிய உறை மாட்டியது போல இருந்தது, அதைக் கழற்றத்தான் முடியவில்லை. அவள் பயந்துபோனாள். அந்த விரல் இல்லையென்றால் தான் யார் என்று யோசிக்கவே பிடிக்காமல் எழுந்து எழுந்து கை கழுவினாள்.

யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகத் தந்திரம் செய்தாள். தடித்த கைகளை, புடைத்த குழாய்கள் உள்ள கூலி வேலைக்காரர்களைத் தன் பக்கம் கூப்பிட்டாள். குழந்தைகளையும் வயதானவர்களையும் ஏதாவது சாக்குச் சொல்லிக் கதவுப் பக்கம் தள்ளிவிட்டாள். கதவுப் பக்கத்துக்காரனுக்குத் திடீரென்று கூட்டம் சேர்ந்ததில் தலைகால் புரியவில்லை. அவள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, பச்சையாக எங்கே தெரிகிறதோ அங்கே குத்தினாள். பெரும்பாலும் தப்பித்தாள். ஒவ்வொரு முறையும் குழாயில் சிவப்பு ஏறுகிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு எண்பது தடவை மூச்சைப் பிடித்தால் மனுஷி என்ன ஆவாள்?

தள்ளிவிட முடியாத ஒருத்தர் மட்டும் இருந்தார். டைப்பிஸ்ட் அம்மா என்று எல்லோரும் சொல்வார்கள். கோர்ட்டில் முப்பது வருடம் தட்டச்சு செய்தவர். புற்றுநோய்க்காக மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றிக்கொள்பவர். அந்த மருந்தில் அவருடைய குழாய்கள் எல்லாம் வெந்து சுருண்டுபோயிருந்தன. ஜன்னல் ஓரத்தைத் தவிர வேறு நாற்காலியில் உட்கார மாட்டார். வந்து, கையை நீட்டி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

ஒரு நாள் அவருக்கு முதல் குத்தே தவறியது. இரண்டாவதும் தவறியது. மூன்றாவதில் சொட்டுச் சொட்டாக வந்தது, தோலுக்கு அடியில் நீலமாக வீங்கிக்கொண்டும் வந்தது. அவள் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு, ஏசி குளிரில் கை விறைத்துவிட்டது என்று ஏதோ முணுமுணுத்தாள். டைப்பிஸ்ட் அம்மா முகத்தைத் திருப்பினார். கோபமாக இல்லை.

"நீங்க எப்பவும் கண்ணை மூடிக்கிட்டுதானே தேடுவீங்க சிஸ்டர். இன்னைக்கு உத்து உத்துப் பாத்தீங்க. விரல் மரத்துப்போச்சா?"

அதெல்லாம் ஒன்றுமில்லை என்றாள் அவள், கொஞ்சம் வெடுக்கென்று. டைப்பிஸ்ட் அம்மா தன் இரண்டு கைகளையும் மேசை மேல் விரித்து வைத்தார். தனக்கும் மருந்து ஏற்ற ஆரம்பித்த மூன்றாம் மாதத்தில் இப்படித்தான் ஆனது, தட்டச்சு எழுத்து விரலுக்குக் கீழே இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போனது, மருந்து செய்கிற வேலை என்று டாக்டர் சொன்னார் என்றார். பிறகு கேட்டார்: "நீங்க என்ன மருந்து சாப்பிடறீங்க?"

இத்தனை நாளில் யாரும் அதைக் கேட்கவில்லை. அவளே கேட்டுக்கொள்ளவில்லை. பதினொரு சோதனை செய்தவள் வாயில் போடுகிற மாத்திரையை மறந்தே போயிருந்தாள்; அது கெட்ட கிருமியைக் கொல்கிற நல்ல மருந்தாயிற்றே. எத்தனை நாளாக என்று அடுத்த கேள்வி வந்தது. அவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்து மனசுக்குள் எண்ணிக்கொண்டே போனாள். நூறைத் தாண்டியது. வரிசையில் நின்றவர்கள் இருமினார்கள். அவள் எழுந்து, மேலாளரிடம்கூடச் சொல்லாமல், வெளியே நடந்தாள்.

இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாகச் சீட்டு வரிசையில் நின்றாள். ஜன்னலுக்கு உள்ளே இருந்த பெண், நீங்களா, நேரா டாக்டரைப் பாருங்களேன் என்று சிரித்தாள். "இல்லம்மா, சீட்டு போடு" என்று சொல்லி அவள் பணத்தை நீட்டினாள்.

நரம்பு டாக்டர் அவளைக் கண்ணை மூடச் சொன்னார். அதிர்வு சோதிக்கிற இரும்புக் கவை ஒன்றைத் தட்டி, கால் கட்டைவிரல் எலும்பில் வைத்தார். அதிர்வு நின்றதும் சொல்லுங்கள் என்றார். அவள் காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் நிக்கலையா என்று அவர் கேட்டபோது அவளுக்குக் குழப்பமாக இருந்தது.

"நீங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே டாக்டர்" என்றாள்.

அவர் கவையைக் கீழே வைத்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். லட்சம் பேர் சாப்பிடுகிற மாத்திரை இது, பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது. வாரக்கணக்கில் நீண்டால் வெகு சிலருக்கு நரம்பைத் தொடும். முதலில் கால், பிறகு கை. இன்றைக்கே நிறுத்த வேண்டும். நிறுத்தினாலும் உடனே குறையாது, பல மாதம் பிடிக்கும். பலருக்குச் சரியாகிவிடும், சிலருக்கு மிச்சம் நின்றுவிடும், நீங்கள் எந்தப் பக்கம் என்று இப்போது சொல்ல முடியாது. ஸ்கேன் நிழலைப் பற்றியும் கேட்டுவிட்டு அவர் பெருமூச்சு விட்டார். கிருமி முதல் பத்து நாளிலேயே செத்திருக்கும், அந்த நிழல் ஆறிவரும் குழி, ஆற மாதக்கணக்கில் ஆகும், அதற்கு மாத்திரை தேவையே இல்லை என்றார். யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று கேட்டு, பழைய சீட்டுக்குக் கை நீட்டினார். நீட்டிய கையில் வைக்க அவளிடம் ஒரு துண்டுத் தாள் இல்லை.

யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எல்லோர் மேலும் கோபப்பட்டாள். மாடிப்படியில் ஓடிய டாக்டர் மேல், நிழலைக் காட்டிய தோழி மேல், மருந்துக் கடைத் தம்பி மேல். தோழி அழுதாள். அதைப் பார்த்ததும் இன்னும் எரிச்சல் வந்தது. கடைசியில் கோபம் சுற்றிச் சுற்றி வந்து தன் மேலேயே உட்கார்ந்துகொண்டது. நோயாளிகளிடம் தினமும், சீட்டைத் தொலைக்காதீர்கள் என்று சொல்கிறவள் அவள்தான்.

மேலாளரிடம் சொல்லாமல் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கலாம் என்று அவளுக்கு ஒரு ஆசை. மாத்திரையைத்தான் நிறுத்தியாயிற்றே, நாளைக்கே உணர்வு வந்துவிடலாம் அல்லவா? சாயங்காலம் அதைக் கணவரிடம் நடந்துகொண்டே சொன்னாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து அவள் போவதையும் வருவதையும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று கிண்டல் செய்யவில்லை.

"எங்க வேலைல, பழுதுன்னு போர்டு மாட்டாம எவனும் லிஃப்ட்ல கை வைக்க மாட்டான்மா. சரியாயிடும்னு நெனச்சு மாட்டாம விட்டா, அடுத்தவன் ஏறிடுவான்" என்றார்.

அவளுக்கு அவர் மேல் மூன்று நாள் கோபம். நாலாம் நாள் மேலாளர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் கொடுத்தார். அவளைக் குழாய்களில் பெயர் ஒட்டும் மேசைக்கு மாற்றினார்கள். சிவப்பு மூடி, ஊதா மூடி, சாம்பல் மூடி. ஒட்டுத்தாளைப் பிரிக்கவே அவளுக்கு நகம் சரியாக அகப்படவில்லை. ஜன்னல் ஓரத்தில் கதவுப் பக்கத்துக்காரன் உட்கார்ந்தான். யாரோ ஒரு நோயாளி அவனுக்கு நன்றி சொல்வது காதில் விழும்போதெல்லாம் அவள் எழுந்து தாழ்வாரத்தில் ஒரு நடை போய்விட்டு வருவாள். காந்தலுக்காக என்று எல்லோரும் நினைத்தார்கள். பொறாமையும்தான்.

முதல் ஆறு வாரம் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு காந்தல் கொஞ்சம் தணிந்தது. செருப்பு கழன்றால் தெரிந்தது. கல் உப்புக்கும் தூள் உப்புக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்று தினமும் காலையில் டப்பாவுக்குள் விரலை விட்டுப் பார்ப்பாள். சாயங்காலம் கணவருடைய கையை மடியில் வைத்துக் கண்ணை மூடித் தேடுவாள். கிடைத்துவிட்டது என்று ஒரு நாள் குதித்தாள். தண்டவாளம் மாதிரி இருக்கிற என் கையில் தேடினால் தபால்காரருக்கும் கிடைக்கும் என்று அவர் சொன்னார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. அந்த மாதக் கடைசியில் மேலாளருடைய கையிலும் கிடைத்தது. ஒரே குத்து திரும்பி வரப்போகிறாள் என்று காவலாளிவரை சேதி போய்விட்டது.

ஐந்தாவது மாதம் டைப்பிஸ்ட் அம்மா, நடுவில் நிறுத்தி வைத்திருந்த மருந்தின் அடுத்த சுற்றுக்கு வந்தார். இன்னும் மெலிந்திருந்தார். ஜன்னல் ஓரத்தில் மூன்று குத்து தவறியது. கதவுப் பக்கத்துக்காரன் வேர்த்து விறுவிறுத்து பெயர் ஒட்டும் மேசைக்கு வந்து நின்றான். மேலாளரும் பின்னாலேயே வந்து, ஒரு தடவை நீங்கள் பார்த்துவிடுங்களேன் என்றார். அவள் தாமதிக்கவில்லை. கேட்டு முடிப்பதற்குள் எழுந்துவிட்டாள். இந்த ஒரு அழைப்புக்காகத்தானே ஐந்து மாதம் காத்திருந்தாள்.

ரப்பர் பட்டையைக் கட்டினாள். கண்ணை மூடினாள். முழங்கை மடிப்பில் ஒன்றுமில்லை. முன்கை நெடுக மெல்ல இறங்கினாள், மணிக்கட்டுக்கு மேலே ஓரமாக ஏதோ ஒன்று எழும்பியது. அமுக்கினாள். எழும்பியதா? இன்னொரு முறை அமுக்கினாள். வலது கையில் ஊசி மூடி திறந்து தயாராக இருந்தது. அறையில் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழும்பியது விரலுக்குக் கீழே இருக்கிற குழாயா, தன் ஆசையா என்று அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. குத்தினால் கிடைத்தாலும் கிடைக்கலாம். கிடைத்துவிட்டால் நாளைக்கே ஜன்னல் ஓரம் அவளுடையது.

ஊசியைத் தட்டில் வைத்தாள்.

"இருக்கிற மாதிரி இருக்கும்மா. மாதிரியை நம்பி உங்க கைல குத்த மாட்டேன்" என்றாள். பிறகு திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி, "எனக்குக் கிடைக்கல" என்றாள். அந்த வார்த்தையை அந்த அறையில் அவள் சொன்னதே இல்லை.

ஸ்கேன் பெட்டியை வைத்துக் குழாயைப் பார்த்துக் குத்துகிற மயக்க மருந்து டாக்டர் ஆபரேஷனில் இருந்தார், வர அரை மணி ஆகும் என்றார்கள். கதவுப் பக்கத்துக்காரன் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டான். மேலாளர் தன் அறைக்குப் போய்விட்டார். அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு டைப்பிஸ்ட் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, குத்துப்படாத கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். டைப்பிஸ்ட் அம்மா வழக்கம்போல முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியிருந்தார்.

"சிஸ்டர், போயிட்டீங்களா?"

"இல்லம்மா. உங்க கையைப் பிடிச்சுட்டுத்தான் இருக்கேன்."

டைப்பிஸ்ட் அம்மா திரும்பி, இரண்டு கைகளும் சேர்ந்திருப்பதைப் பார்த்தார். "அப்படியா? எனக்குத் தெரியல" என்றார்.

"எனக்கும் சரியாத் தெரியல. அதான் கண்ணை எடுக்காம பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றாள் அவள்.